கோணக் கண்ணாடி

கண்ணாடிக்காரர் மகளுக்குத் தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு. கோணக் கண்ணாடி. வைத்தது வேலையற்ற பையன்கள் யாருமில்லை, பெற்ற அப்பாவேதான். அவள் முகத்தில் கண்ணாடி ஒருநாளும் நேராக நின்றதில்லை. வலது பக்கம் புருவத்துக்கு ஏறியிருக்கும், இடது பக்கம் கன்னத்துக்கு இறங்கியிருக்கும். ஒரு ஆணி கழன்ற படம் சுவரில் தொங்குமே, அப்படி. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். கண்ணாடிக்காரர் பிள்ளை கோணல் என்று அந்த வரிசையில் தன்னையும் சேர்த்துவிடுவார்களே என்பது அவருடைய நித்தியக் கவலை.

அதனால் தினமும் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கடை வாசலில் மறித்து, "கழட்டு" என்பார். அவளும் பேசாமல் கழற்றிக் கொடுப்பாள். கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை அறை. அங்கே மின்சாரத்தில் சூடாகும் ஒரு சட்டி, அதில் கடுகளவு கண்ணாடி மணிகள். காதில் மாட்டும் கம்பியை அந்தச் சூட்டில் புதைத்து, பத்து எண்ணி எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி வளைப்பார். பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்து, நாலு முனையும் ஆடாமல் படிகிறதா என்று பார்ப்பார். படிந்தால்தான் விடுவார். தன் கையாலேயே மகள் முகத்தில் மாட்டி, ஓரடி தள்ளி நின்று பார்ப்பார். அந்த நிமிஷம் எல்லாம் நேராக இருக்கும். அவள் தெருமுனை திரும்புவதற்குள் கை தானாக மேலே போகும். வலது பக்கத்தைப் பிடித்து ஒரு தூக்கு. பழைய குருடி கதவைத் திறடி.

எதிர்க்கடையில் சாவி செய்கிறவர் இதை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறார். மகள் போன பிறகு, "என்ன தம்பி, இன்னிக்கு எத்தனை அடி தாங்குச்சு?" என்று கேட்பார். கண்ணாடிக்காரர் விடுவாரா? சாவிக்காரரும் அவருடைய வாடிக்கைதான். அவருக்குப் போட்டுக் கொடுத்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாவியின் பல்லைக் கட்டைவிரல் நுனியால் தடவித் தடவித்தான் அவர் அரத்தால் ராவுவார். "நீங்க மொதல்ல கண்ணாடிய நெத்தில இருந்து கண்ணுக்கு இறக்குங்கண்ணே" என்று இங்கிருந்து பதில் போகும். அதைப் போட்டால் சாவியின் பல்லெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்பார் சாவிக்காரர். வயசாயிடுச்சு என்பார் இவர். இரண்டு கடைக்கும் நடுவே பன்னிரண்டு அடித் தெரு. பேச்சுக்குக் குறைவில்லை.

அந்தப் பேச்சில் கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் கண்ணாடி போடவில்லை. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வெள்ளெழுத்து வரும், எழுத்தெல்லாம் பூசணம் பூத்த மாதிரி வெளுத்துப்போகும், வந்தவர்களுக்கு வாசிக்கிற கண்ணாடி போட்டுக் கொடுத்துத்தான் அவர் கடையே நடக்கிறது. ஆனால் தனக்கு மட்டும் வரவில்லை என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம். டாக்டர் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, முகத்தையும் கொஞ்சம் பின்னால் இழுத்து, ராஜா ஓலை வாசிக்கிற தோரணையில் வாசிப்பார். அது தோரணை என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

தொழிலில் அவர் மட்டமானவர் இல்லை. லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் பிடித்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைத்தால் மயிரிழை இடைவெளி இருக்காது. வருகிற பிள்ளைகளுக்கு டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டுக் காட்டுவார். "பென்சில் உடைஞ்சிருக்கா? இல்ல. வெளிச்சம்தான் தண்ணிக்குள்ள போகும்போது வளையுது. உன் கண்ணுக்குள்ள அது தப்பான எடத்துல வளையுது. நான் ஒரு கண்ணாடி வெச்சு அதைச் சரியான எடத்துக்கு வளைச்சு விடுறேன். அவ்வளவுதான் வித்தை." மகளும் சின்ன வயதில் அந்தப் பென்சிலை ஆயிரம் தடவை பார்த்தவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அந்த மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நான் கண்ணுல லேசர் ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். கண்ணாடி இனிமே வேண்டாம்."

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். பிறகு பேசினார் பாருங்கள், அரைமணி நேரம். கண் என்ன கேரட்டா, சீவி எடுக்க? கண்ணாடிதானே இந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது? ஓட்டல்காரன் பெண்டாட்டி பக்கத்து ஓட்டலில் சாப்பாடு வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? நாளைக்குக் கடைக்கு வருகிறவன், உங்கள் பெண்ணே கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டாளே, எனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவர் மனைவி குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அவள் கண்ணு, அவள் சம்பாத்தியம், அவள் இஷ்டம் என்று மட்டும் சொன்னாள்.

"தலைவலி தாங்கலப்பா" என்றாள் மகள்.

"பதினாலு வயசுல இருந்து இதே சாக்கு" என்றார் அவர்.

சாக்கு என்ற சொல் அந்த வீட்டில் பழசு. பதினாலு வயதில் அவளுக்குக் கண் பரிசோதித்து, அப்பா போட்டுக்கொடுத்த முதல் கண்ணாடியோடு தலைவலியும் வந்தது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார். பரிட்சை நேரத்தில் வந்தபோது சாக்கு என்றார். பதினெட்டில் ஆசைப்பட்டுக் கட்டட வரைபடப் படிப்பில் சேர்ந்தாள். ஒரு வருஷம். அவள் போடும் கோடெல்லாம் காற்றடித்துச் சாய்ந்த மாதிரி இருக்கிறது, நேர்கோடு பார்க்கிற கண் உனக்கு இல்லை என்று அங்கே சொன்னார்கள். விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் திட்டினார்கள். கண்ணாடியையே நேராகப் போடத் தெரியாதவள் கோட்டை எப்படி நேராகப் போடுவாள் என்று அவர் கேட்டது தெருவுக்கே கேட்டது. இப்போது இரண்டு வருஷமாக ஒரு பார்சல் கிடங்கில் முகவரி பார்த்துப் பொட்டலம் பிரித்துப் போடுகிறாள்.

பரிசோதனைக்குத் துணைக்கு ஒரு ஆள் வரவேண்டும், கண்ணில் சொட்டு மருந்து விட்டால் தனியாகத் திரும்ப முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அன்று விடுப்பில்லை. அவரே போகவேண்டியதாயிற்று. பழைய டாக்டர் சீட்டு இருந்தால் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியே கையில் இருக்கும்போது சீட்டு எதற்கு, அளந்தால் தெரியப்போகிறது என்று அவர் தேடவில்லை. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் மகளிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"அங்க போய் நான் கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன்னு யாருகிட்டயும் சொல்லாத. சிரிப்பாங்க."

"சரிப்பா. சொல்லல" என்றாள்.

பரிசோதனை அறை பாதி இருட்டு. ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்து வரிசை, ஓரத்தில் அவர் உட்கார ஒரு ஸ்டூல். பரிசோதிக்கும் பெண்ணுக்கு மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வேகமான கை. மகளின் கண்ணாடியை வாங்கி, பவர் அளக்கும் லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்து எழுதினாள். மகளை வேறொரு இயந்திரத்தில் முகவாயைப் பதிக்கச் சொல்லிக் கண்ணை அளந்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய்க் கண்ணாடியை மறுபடியும் லென்ஸ் மீட்டரில் வைத்தாள். அவள் இரண்டாம் தடவை வைத்ததைக் கண்ணாடிக்காரர் கவனித்தார். எதற்காக ஒருவர் இரண்டாம் தடவை வைப்பார் என்று அவருக்குத் தெரியாதா? இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால்தான் வைப்பார்கள்.

சோதனைக்கென்று இருக்கும் கனமான வட்ட ஃப்ரேமை மகள் மூக்கில் வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் லென்ஸ்களைச் செருகினாள் அந்தப் பெண். "இது நீங்க இப்ப போட்டிருக்கற கண்ணாடி மாதிரியே வெச்சிருக்கேன். படிங்க."

மகள் நாலு வரி படித்தாள். ஐந்தாவதில் திணறினாள். அவள் கை மேலே போனது. ஃப்ரேமின் வலது பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏன் தூக்குறீங்க?"

"தூக்கினா கொஞ்சம் நல்லாத் தெரியும்."

"எப்பவுமே தூக்குவீங்களா?"

"பதினாலு வயசுல இருந்தே. அதனால வீட்டுல திட்டுவாங்க."

அந்தப் பெண் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். எதுவும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல மெதுவாக, கையைச் சாய்த்துக் காட்டிச் சொன்னாள்:

"சார், இவங்க வலது கண்ணுல சிலிண்டர் பவர் இருக்கு. அதாவது கருவிழி உருண்டையா இல்லாம ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருக்கு. அதுக்குக் கண்ணாடி மட்டும் போதாது, அது எந்தச் சாய்வுல உக்காரணும்னு ஒரு கணக்கு இருக்கு. இவங்களுக்கு அது நூத்தி அறுபது டிகிரி. இந்தக் கண்ணாடில நூத்தி எம்பதுல போட்டிருக்காங்க. இருபது டிகிரி தப்பு. வலது பக்கத்தத் தூக்கினா அது நூத்தி அறுபதப் பாத்துத் திரும்பும். முழுசா இல்லேன்னாலும் பாதி சரியாகும். பாவம், இவங்க கைதான் இத்தனை நாளா அதைச் சரிபண்ணிட்டு இருந்திருக்கு."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. அந்தச் சாய்வை ஆக்சிஸ் என்று அவர் தொழிலில் சொல்வார்கள். சொல்லித் தெரியவேண்டிய ஆள் இல்லை. வலது பக்கம் தூக்கினால் எங்கே திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஏழு வருஷமாக, மகள் கை சரியாக்கி வைத்ததை, காலைதோறும் சூடுபடுத்தி வளைத்துத் தப்பாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது அவர் கை. ஸ்டூலில் அவர் முதுகு கூனிப்போனது.

அந்தப் பெண் ஃப்ரேமின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகைத் திருப்பினாள். "இப்போ?"

மகள் ஐந்தாவது வரியைப் படித்தாள். ஆறாவது, ஏழாவது. நிற்காமல் படித்தாள். "அதுக்குக் கீழ இன்னும் பொடியா ஏதோ இருக்கே" என்றாள்.

"அது சார்ட் அச்சடிச்ச ப்ரெஸ்ஸோட பேரு. அதை விட்டுடுங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி அறையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அதன் நிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "கதவு நேரா இருக்கு" என்றாள்.

"தலைவலி வந்திருக்குமே உங்களுக்கு?"

"வரும். சாக்குச் சொல்றேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கும்."

அந்தப் பெண்ணுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. அவள் வயதுக்கு அது நியாயமான கோபம்தான். "எந்தக் கடைங்க இது? இந்த மாதிரி ஆளுங்கள சும்மா விடக்கூடாது. சின்னப் பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்திருக்காங்க, ஒரு தடவை சரிபாக்க வேண்டாமா? சார், எந்தக் கடை?"

அவர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கடைய மூடிட்டாங்க" என்றாள் மகள், கதவு நிலையைப் பார்த்தபடியே.

மூடாத கடையின் முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவரே கேட்டு வாங்கிய வாக்கைத்தான் அவள் காப்பாற்றினாள். அது இப்படி வந்து முகத்தில் விழும் என்று யார் கண்டது? பெண்ணைப் பொய் சொல்ல வைத்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் ஒளிந்தே இருந்தார்.

சொட்டு மருந்து விட்டு நடைபாதையில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மகளின் கண்மணி இரண்டும் அகன்று கறுத்திருந்தன. பக்கத்தில் இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. சரியான கண்ணாடி போட்டாலே போதும்தான், ஆனாலும் இனிக் கண்ணாடியே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி ஆயா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்து, ஆபரேஷனுக்கான சம்மதப் பத்திரம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். மகள் தாளை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். முகத்தைப் பின்னால் இழுத்தார். கையை இன்னும் நீட்டினார். ஆண்டவன் கொடுத்த கை அவ்வளவுதான் நீளம். எழுத்தெல்லாம் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என்னப்பா?"

"எழுத்து ரொம்பப் பொடி."

ஆயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருல ஒருத்தருக்காவது கண்ணு தெரியணுமே" என்று சொல்லி, தாளை வாங்கித் தானே வாசித்துக் காட்டினாள். அவள் வாசித்ததில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆயா போனபிறகு மகள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். அந்தக் கறுத்த கண்மணிகளுக்கு அவர் வெறும் நிழலாகத்தான் தெரிந்திருப்பார்.

"எப்ப இருந்துப்பா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"ஏழு வருஷமா?"

வீட்டுக்கு வரும்வரை அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கண்ணுக்கு வழி தெரியாது, பிடித்துத்தான் ஆகவேண்டும். அந்தப் பிடியை அவரால் தாங்க முடியவில்லை.

வந்ததும் பட்டறை அறைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். கடை திறந்த நாளிலிருந்து வந்த டாக்டர் சீட்டுகளை எல்லாம் வருஷவாரியாக அதில் கட்டி வைத்திருந்தார். மகளுடைய முதல் சீட்டைத் தேடி எடுத்தார். அவருக்கு ஒரே ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. டாக்டர்கள் கிறுக்குவார்கள். ஆறு எட்டு மாதிரி இருந்திருக்கலாம். யார் பார்த்தாலும் எட்டு என்றே சொல்லும்படி இருந்திருக்கலாம். விற்பனைத் தட்டில் தொங்கிய வாசிக்கும் கண்ணாடி ஒன்றை எடுத்தார். ஆயிரம் பேர் மூக்கில் மாட்டியவர், தன் மூக்கில் மாட்டத் தடுமாறினார்.

முதலில் தெரிந்தது அவருடைய சொந்தக் கட்டைவிரல்தான். ரேகையெல்லாம் சாணைப் பொடி. அது அத்தனை அழுக்கென்று அவருக்குத் தெரியாது. பிறகு சீட்டு. நூற்று அறுபது. அந்த ஆறு பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பழக்குவதற்குப் போட்ட மாதிரி, தொந்தியும் கொம்புமாக, அத்தனை சுத்தமாக எழுதியிருந்தது. குற்றம் சொல்ல வேறு ஆளே இல்லை.

லென்ஸ் மீட்டருக்குள் பார்க்கும்போது அவருக்கு எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. கண் வைக்கும் குழாயைத் திருகித் தனக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ளலாம். வெளியே கிடந்த காகிதம்தான் தெரியவில்லை. ஒருமுறை நூற்று எண்பது என்று வைத்தார். பிறகு ஃப்ரேம் மாற்றும்போதெல்லாம் முந்தின கண்ணாடியைப் பார்த்தே அடுத்ததைப் போட்டார். மைனஸ் பவர் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று தோன்றினால் கடையிலேயே இரண்டு லென்ஸை மாற்றி வைத்துக் கேட்டு ஏற்றிக்கொண்டார். ஊருக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னவர், தன் வீட்டுக்குத் தானே போதும் என்று இருந்துவிட்டார்.

மனைவி வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்றாள். மகள் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"அந்தப் படிப்ப விட்டுட்டு வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் சேந்துதான் திட்டினோம்" என்றாள். "ஆனா நான் தெரியாம திட்டினேன்."

"நானும் தெரியாமதான..."

"உங்களுக்குக் கண்ணு தெரியலங்கறது உங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டார். மனுஷன் எந்த நிலையிலும் சாப்பிடத்தான் செய்கிறான்.

மகள் கண்ணில் மருந்தின் மயக்கம் தெளிந்ததும் அவள் முன்னால் போய் நின்றார். சீட்டை நீட்டினார். தப்பு என்னோடது என்றார். மகள் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"என்னையாவது தினமும் காலைல பாத்தீங்க" என்றாள். "அந்தப் பெட்டில இன்னும் எத்தனை பேர் சீட்டுப்பா இருக்கு?"

அவர் அந்தக் கோணத்தில் யோசித்தே இருக்கவில்லை. மகளுக்குச் செய்த தப்பு ஒரு வீட்டுக்குள் அடங்கும். ஏழு வருஷச் சீட்டுகள் எந்த வீட்டுக்குள்ளும் அடங்காது. ஆபரேஷன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

ஆபரேஷன் அன்று அவரையும் முன்னறைவரை விட்டார்கள். டாக்டர் நல்ல பேச்சுக்காரர். வெளியே கண்ணாடியில் செய்வதைத்தான் நாங்கள் கருவிழி மேலேயே செய்கிறோம், வெளிச்சத்தை வைத்தே இழைத்து, வெளிச்சம் சரியாக வளைகிற மாதிரி வைத்துவிடுவோம் என்றார். மகளை நேராக உட்கார வைத்து, வெள்ளை விழியில் ஒரு பேனாவால் மெல்லிய புள்ளிகள் வைத்தார். படுத்தால் கண் உள்ளே லேசாகச் சுழன்றுவிடும், அதனால் உட்கார்ந்திருக்கும்போதே சாய்வுக்கு அடையாளம் வைப்பது என்று விளக்கினார். லென்ஸின் மேல் கண்ணாடிக்காரர் வைப்பதும் அதே மாதிரி மைப்புள்ளிகள்தான். பிறகு டாக்டர் சொன்னார்: "வலது கண்."

"வலது கண்" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணு, ஆறு, பூஜ்யம்."

நர்ஸ் தன் கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஒண்ணு, ஆறு, பூஜ்யம்" என்றாள். இன்னொருவர் உள்ளறையில் இயந்திரத்தின் திரையைப் பார்த்து மூன்றாம் முறை சொன்னார். மூன்று பேர், மூன்று எண், ஒவ்வொன்றாக. அவர்கள் யாரும் குருடர்கள் இல்லை. இருந்தும் சொன்னார்கள். நம் கடையில் ஒருநாளாவது ஒரு ஆளிடம், இது என்ன எண் பார் என்று கேட்டிருக்கிறோமா என்று நினைத்தபோது அவருக்குத் தலை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் அந்தப் பரிசோதனைப் பெண் எதிரே வந்து, "பாத்தீங்களா சார், இனிமே அந்தக் கடைக்காரனை நம்பி இருக்க வேண்டாம்" என்றாள். அன்றும் அவர் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

ஒரு வாரத்தில் மகளுக்குப் பார்வை தெளிந்தது. வெறும் முகத்தோடு வளையவந்தாள். ஆனாலும் எதையாவது உற்றுப் பார்க்கும்போது அவள் கை வலது காதுக்கு மேலே போய், அங்கே இல்லாத கம்பியைத் தேடும். காற்றைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிவிட்டு, "பழக்கம்" என்று சிரிப்பாள். அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

பெட்டியைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. சாயங்காலம் வந்ததும் அதன் மேல் ஒரு பார்வை போகும், அவ்வளவுதான். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார். கடைக்கு உள்ளே வாசிக்கும் கண்ணாடியைப் போடுவார், ஆள் வரும் சத்தம் கேட்டால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். வாசலில் நின்று தெருவில் போகிற முகங்களைப் பார்ப்பதே அவருக்கு வேதனையாகிவிட்டது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்க்கிறவர்கள், ஒரு கண்ணைச் சுருக்குகிறவர்கள், நெற்றிக்கு ஏற்றிவிடுகிறவர்கள். முன்பெல்லாம் அவரவர் சேஷ்டை என்று சிரிப்பார். இப்போது எது சேஷ்டை, எது தான் செய்தது என்று தெரியவில்லை.

ஒருநாள் காலையில் மகள் வேலைக்குக் கிளம்பினாள். கடை வாசலுக்கு வந்ததும் நின்றாள். முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கழற்றிக் கொடுப்பதற்காக இரண்டு கையையும் காதருகே கொண்டுபோனாள். ஏழு வருஷம் அந்த இடத்தில் நின்ற கால். அப்புறம்தான் நினைவு வந்து, கையை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் முனை திரும்பும்வரை அவர் நின்றார். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் தூக்கினார். கனமாக இருந்தது. அதைச் சுமந்துகொண்டு பன்னிரண்டு அடித் தெருவைக் கடந்து, சாவிக்காரர் கடையின் பலகைமேல் வைத்தார். அங்கே சாவிக்குக் காத்து இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களும் இவர் கடைக் கண்ணாடிதான் போட்டிருந்தார்கள். பரவாயில்லை, அவர்களும் கேட்கட்டும்.

"அண்ணே, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

"எதுக்கு? கம்பியெல்லாம் நல்லாத்தான இருக்கு."

"பவர் தப்பா இருக்கலாம். எனக்கு வெள்ளெழுத்து வந்து ஏழெட்டு வருஷமாச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. சீட்டச் சரியாப் படிக்காமலே நெறைய பேருக்குப் போட்டிருக்கேன். எம்பொண்ணுக்கே தப்பாப் போட்டிருக்கேன். அவ கோணலா மாட்டல. நான்தான் கோணலாப் போட்டேன்."

சாவிக்காரர் ராவுவதை நிறுத்தினார். அந்த இரண்டு பேரில் ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாவிக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, கம்பியை மடக்கி, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பல்லெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு உன்கிட்ட நாலு தடவை வந்து சொன்னேன்."

"சொன்னீங்க."

"நாலு தடவையும் வயசாயிடுச்சுன்னு நீதான சொன்ன. நானும் அப்படித்தான் போல, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தொழில்னு கடையையே விடலாம்னு இருந்தேன், தம்பி."

"நான்தான் சொன்னேன்."

சாவிக்காரர் கண்ணாடியைப் பெட்டியருகே வைத்தார். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, நட்டநடுத் தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, மூக்கில் மாட்டினார். கட்டைப் பிரித்துச் சாவிக்காரருடைய சீட்டைத் தேடி எடுத்தார். எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, சீட்டைக் காத்திருந்தவர்களில் ஒருவரிடம் நீட்டி, சரியாக வாசித்தேனா என்று கேட்டார்.